முந்நூறு கிராம்

சங்கினியோடை உப்பளக் குடியிருப்பில், சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அமல்தாஸ் வீட்டுப் பின்வாசலில், ஏழு மாதக் குழந்தை ஜோவிட்டா குளிக்கிற தண்ணீரில் கரைந்துபோனாள். அவள் அழவில்லை. முதலில் கால் விரல்கள், பிறகு முழங்காலின் மடிப்பு, பிறகு தடுப்பூசித் தழும்போடு இடது கை, பிறகு காது என்று, காப்பியில் போட்ட வெல்லக்கட்டி ஓரம் மழுங்கி மழுங்கிச் சிறுத்துப்போவதுபோல, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனாள். கடைசியில் அந்தப் பார்வை மட்டும் தண்ணீருக்குமேலே ஆவியோடு ஆவியாகக் கொஞ்ச நேரம் நின்றது. அதுவும் போனபிறகு பேசினில் மிதந்தது இடுப்பில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு மட்டும்தான். கயிறு எந்தச் சூட்டிலும் கரைவதில்லை.

ஜெசிந்தா கையில் செம்போடு குத்தவைத்திருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. தூத்துக்குடியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் பிளஸ் டூ வரை படித்து, தமிழையும் ஜெபமாலையையும் ஒரே குரலில் சொல்லப் பழகி, உப்பு லாரி ஓட்டும் அமல்தாஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவள் பயந்துகொண்டே இருந்தாள். தும்மினால் பயம், தும்மாவிட்டால் பயம். முந்தின நாள் பிள்ளையின் நெஞ்சில் சளி கரகரத்தது. அன்று காலை தண்ணீரைக் காயவைத்து விளாவி, முழங்கையை முக்கிப் பார்த்து, "போதும்ட்டி, இதுக்கு மேல சூடு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, துண்டெடுக்க வீட்டுக்குள் போனாள் அமல்தாஸின் அக்கா குருசம்மாள். அவள் முதுகு மறைந்ததும், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பானையிலிருந்து இரண்டு செம்பு வெந்நீர் எடுத்து, பிள்ளையின் மேல் படாமல் ஓரமாக ஊற்றிக் கலக்கினாள் ஜெசிந்தா. சளிக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள்.

துண்டோடு வந்த குருசம்மாள் பேசினையும் பார்த்தாள், தம்பி பெண்டாட்டியையும் பார்த்தாள்.

"பிள்ள எங்கட்டி?"

"தண்ணியில இருக்கா மதினி."

குருசம்மாள் கத்தவில்லை. இருபது வருடம் அளத்தில் உப்பு வாரிய கை, அளத்துக்காரர்கள் எந்தத் தண்ணீரைக் கண்டாலும் செய்வதையே செய்தது. ஒற்றை விரலை முக்கி நாக்கில் வைத்தாள்.

"கரிக்கலியே," என்றாள். "இனிக்கிலா செய்யுது."

செய்தி தெருவுக்குப் போனது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள், ஏனென்றால் பிள்ளை இருக்கிற வீடு. ஒவ்வொருவரும் பேசினுக்குள் எட்டிப் பார்த்து, அம்மாவைப் போல இருக்கிறாள், இல்லை அப்பாவைப் போல என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்து, தண்ணீரைப் பார்த்து, "நல்லாத் தெளிஞ்சு கிடக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். மாத எடை பார்க்க வந்த அங்கன்வாடி டீச்சர் செண்பகவல்லி, விடுபட்ட எடைக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவள் ஆனதால், பேசினைத் தண்ணீரோடு தராசில் வைத்துப் பார்த்து, அதே அளவுள்ள பக்கத்து வீட்டுப் பேசினில் அதே செம்பால் வெறும் தண்ணீரை அளந்து ஊற்றி எடை பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கப்போனாள்.

"எத்தன செம்பு விளாவினீங்க, சரியாச் சொல்லுங்க."

"இருபத்தாறு," என்றாள் குருசம்மாள்.

"இருபத்தெட்டு," என்றாள் ஜெசிந்தா, மெல்ல.

எல்லாரும் குருசம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். கணக்குத் தவறியது அவளுக்கு என்றுதான் எல்லாருக்கும் பட்டது. டீச்சர் இரண்டு செம்பு கூடப் போட்டுக் கழித்து, ஏழு கிலோ நானூறு என்று அட்டையில் எழுதி, "எடை குறையல, பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யார் தண்ணீர் காயவைத்தது என்ற கேள்வி மத்தியானத்துக்குள் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தது. பதில் எல்லாருக்கும் தெரியும். "பிள்ள பெறாத கைக்குச் சூடு எங்க தெரியும்" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னது வீட்டுக்குள்ளேயே கேட்டது. குருசம்மாள் காதில் வாங்காதவள்போலச் சாக்கை மடித்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா வாயைத் திறந்தாள். இரண்டு செம்பு என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளையை மறுபடி என் கையில் தருவார்களா என்ற பயம் அதற்கு முன்னால் வந்து நின்றது.

சாயங்காலம் மோட்சம் மேஸ்திரி வந்தார். அளத்தில் தண்ணீர் எப்போது உப்பாகும் என்று சொல்கிறவர் அவர்தான். இடுப்புத் துணியில் சுற்றி வைத்திருந்த, தண்ணீரின் உப்புச் செறிவை டிகிரியில் காட்டுகிற கண்ணாடிக் குழாயை எடுத்து, பேசினில் மிதக்கவிட்டு, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"இருபத்திரெண்டு டிகிரி. இன்னும் ரெண்டு வெயில் வாங்கினாப் பிள்ள கீழ விழுந்திரும். தண்ணி வத்தணும், அவ்வளவுதான். நம்ம பிள்ளைதான, நம்ம வழியிலதான் வருவா."

எனவே பேசினை மொட்டை வெயில் விழுகிற இடத்தில் வைத்தார்கள். சங்கினியோடையில் யாரும் வேறு வழி கண்டதில்லை. கடல் தண்ணீரை வெயிலில் வைத்தால் உப்பு வரும், அவர்களுடைய சோறும் கல்யாணமும் கோயில் கொடியும் அப்படித்தான் வந்தன. முதல் நாள் விடியலில், காற்று குளிர்ந்திருந்த நேரத்தில், பேசினின் அடியில் வெள்ளையாய்ப் பொடி படிந்திருந்தது. ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். அரிசி முனை அளவுக்கு ஒரு கட்டைவிரல் நகம். கத்தி எல்லாரையும் கூப்பிட்டாள். அவர்கள் வந்து மாதாவுக்கு நன்றி சொல்லி, இன்னும் நல்ல வெயிலாகப் பார்த்துப் பேசினை நகர்த்தினார்கள். பத்து மணிக்கு நகம் இல்லை. மறுநாளும் அப்படியே. விடியலில் நகம், பத்து மணிக்கு வெறும் தண்ணீர்.

மூன்றாம் நாள் ஜெசிந்தாவுக்கு ஒரு கோடு ஞாபகம் வந்தது. பதினொன்றாம் வகுப்பில் சிஸ்டர் யூப்ரேசியா வரைபடத் தாளில் போடச்சொன்ன கோடுகள். வெந்நீர் நிறைய வாங்கிக்கொள்ளும், ஆறினால் திருப்பிக் கொடுத்துவிடும் என்று சொல்லி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோடு. வெடியுப்பின் கோடு ஏணிபோல ஏறும். சீனியின் கோடும் ஏறும். சமையல் உப்பின் கோடு மட்டும் காய்ச்சல்காரன்போலப் படுத்தே கிடக்கும். சூடோ குளிரோ அதற்கு ஒன்றுதான். அதனால்தான் உப்புக்கு வெயில். ஆனால் ஜோவிட்டா கரிக்கவில்லை. இனித்தாள்.

ஜெசிந்தாவின் அப்பா உடன்குடிப் பக்கம் பனங்கற்கண்டு காய்ச்சுகிறவர். பதநீரைப் பாகாக்கி, சூட்டோடு பானையில் ஊற்றி, குறுக்கே நூல் கட்டி, மூடி, அசையாத இடத்தில் நாற்பது நாள் வைப்பார். அந்த நாற்பது நாளும் அந்தக் கொட்டகைப் பக்கம் நாய்கூடக் குரைக்கக் கூடாது. மெதுவாக ஆறினால் கட்டி கட்டியாக நூலைப் பிடித்து ஏறும்; அவசரப்பட்டால் மணலாகப் போகும். நூலை எடுத்தபிறகு பானையில் மிஞ்சுகிற பாகை அவர் ஒரு சொட்டும் கொட்ட மாட்டார். "இதுக்குள்ள இன்னும் கிடக்கு" என்று சொல்லி மறுபடி காய்ச்சி, மறுபடி நூல் கட்டுவார்.

அந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஜெசிந்தா எல்லார் முன்னாலும் எதிர்த்து வாய் திறந்தாள்.

"வெயில் வேண்டாம். பிள்ள உப்பு இல்ல."

"ஏன், உப்புன்னா கேவலமா?" என்றார் மேஸ்திரி. "எங்க ரத்தம் உப்பும்மா. எந்தச் சுடுதண்ணிக்கும் அசையாது. உங்க வீட்டு ரத்தந்தான் கருப்பட்டி. அதான் போன இடம் தெரியல."

"ஆமா மாமா. கருப்பட்டி ரத்தந்தான். அதனால கருப்பட்டிக்காரி சொல்லுதத ஒரு தடவ கேளுங்க."

மேஸ்திரி குழாயைத் துடைத்தார். சிரித்தது குருசம்மாள் மட்டும்தான். அவளே முந்திக்கொண்டு பேசினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

தண்ணீரை ஒருமுறை கைபொறுக்கச் சூடாக்கி, அடியில் ஒரு பொடியும் இல்லாமல் தெளியவைத்து, உள்ளறையில் ஈரமணல் பரப்பி அதன்மேல் பேசினை இறக்கினார்கள். குறுக்கே ஒரு பனையீர்க்கைப் போட்டு, ஜோவிட்டாவின் கறுப்பு இடுப்புக் கயிற்றை அதில் கட்டித் தொங்கவிட்டாள் ஜெசிந்தா. நனைத்த சாக்கால் மூடினார்கள். கோழிக்கோட்டுக்கு லோடு ஏற்றிப் போயிருந்த அமல்தாஸ் அன்று வந்து சேர்ந்தான். வாசலில் செய்தியைக் கேட்டு, அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு போய், மீன் கம்பெனியிலிருந்து ஒரு ஐஸ் பாளத்தைச் சணல்சாக்கில் சுற்றிப் பைக்கில் வைத்துக்கொண்டு வந்துநின்றான்.

"ஆறணும், அவ்வளவுதான? இந்தா, அஞ்சு நிமிசத்துல ஆறிடும்."

"ஐஸ் போட்டாப் பொடிப்பொடியா வருவா," என்றாள் ஜெசிந்தா. "உங்களுக்கு ஒரு பிள்ள வேணுமா, ஒரு படி பிள்ள வேணுமா?"

அவன் ஐஸை வாசலிலேயே இறக்கிவைத்தான். தெருப்பிள்ளைகள் அதை நக்கித் தீர்த்தார்கள்.

பதினேழு நாள். அந்தப் பதினேழு நாளும் சங்கினியோடை அதைத் தன் பழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. லாரிகள் அந்தத் தெருவில் ஹாரன் அடிக்காமல் போயின. அம்மிக்கல்லை அடுத்த தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய் அரைத்தார்கள். இன்னார் வீட்டில் அம்மை, இன்னார் வீட்டில் டைபாய்டு, அமல்தாஸ் வீட்டில் கரைசல் என்று, பூசை முடிவில் வேண்டுதல் வாசிக்கும்போது அதுவும் ஒரு வரியானது. பங்குச்சாமியார் மந்திரித்த தண்ணீரோடு வந்தபோது ஜெசிந்தா குறுக்கே நின்றாள்.

"ஃபாதர், தண்ணி கூடினா இறங்கமாட்டா."

"ஒரு சொட்டுத்தானம்மா."

"ஒரு சொட்டுல ஒரு இமைமுடி நின்னுட்டா?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, காய்ந்த கையாலேயே காற்றில் சிலுவை போட்டார். குருசம்மாள் அளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு அந்த அறைவாசலில் உட்கார்ந்து, சாக்கு காயக் காய நனைத்தாள். பழிக்கும் அவள் பதில் சொல்லவில்லை, இரக்கப்பட்டவர்களுக்கும் சொல்லவில்லை. அவளுடைய கோடும் உப்பின் கோடுபோலப் படுத்தே கிடந்தது. ஜெசிந்தா ஒவ்வொரு நாளும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், இன்று சொல்லிவிடலாம் என்று. ஒவ்வொரு நாளும், பிள்ளை வரட்டும், வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்துபோனாள்.

பதினேழாம் நாள் காலை சாக்கின் அடியிலிருந்து ஒரு தும்மல் கேட்டது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜோவிட்டா உட்கார்ந்திருந்தாள். பத்துக் கால்விரல், முழங்கால் மடிப்பு, தழும்பு, காது, எல்லாம் இருந்தது. மேலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மினுக்கம், துண்டால் துடைத்ததும் அதுவும் போனது. ஜெசிந்தா பிள்ளையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் சாய்ந்துவிட்டாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. தெருவே வாசலில் நின்று அழுததும் கேட்கவில்லை.

ஆனால் பார்த்தாள். பிள்ளையின் தலைக்குமேலாகப் பார்த்தாள். குருசம்மாள், கண்ணீரும் சிரிப்புமாக, பேசினின் விளிம்பில் கைவைத்தாள். அளத்தில் உப்பை வாரி வரப்பில் போட்ட கையோடு, மிச்சம் நிற்கிற தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். நின்றால் கசப்பு ஏறி, வாரின உப்பும் கெட்டுப்போகும். அளத்துக்காரர்கள் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது, மூச்சு மாதிரி. குருசம்மாள் பேசினைத் தூக்கினாள், பின்வாசலுக்கு நடந்தாள், சாய்த்தாள்.

இதுக்குள்ள இன்னும் கிடக்கு. ஜெசிந்தாவுக்கு அது தெரியும். அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆறிய தண்ணீரும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், எந்தக் கோடும் பூஜ்யத்தில் போய் முட்டுவதில்லை. "மதினி, கொட்டாதீங்க" என்று இரண்டு சொல். ஆனால் பதினேழு நாள் தன் பழியைச் சுமந்த ஒருத்தியைப் பார்த்து, எல்லார் முன்னாலும், நீ தப்புச் செய்கிறாய் என்று எப்படிச் சொல்வது? அந்த யோசனை முடிவதற்குள் தண்ணீர் முடிந்துவிட்டது. அது வாசல்படியில் வழிந்து, சாக்கடையில் இறங்கி, ஓடைக்குப் போனது.

டீச்சர் தராசோடு வந்தாள். ஏழு கிலோ நூறு.

"முந்நூறு கிராம் குறையுதே," என்றாள். "சத்துமாவு குடு, ஏறிடும்."

ஏறியது. மாதாமாதம் ஏறியது. ஜோவிட்டா தவழ்ந்தாள், அவளுக்குப் பல் முளைத்தது, மேஸ்திரியின் கண்ணாடிக் குழாயைப் பிடுங்கினாள். எல்லாரிடமும் போனாள், எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். ஆனால் முன்பெல்லாம் எந்த அறையில் கிடந்தாலும் ஜெசிந்தாவின் குரல் கேட்டதும் வெடுக்கென்று தலையைத் திருப்புவாளே, அது இல்லை. காது டாக்டர் காது நன்றாகக் கேட்கிறது என்றார். கேட்டது, தட்டு விழுந்தால் திரும்பினாள், காக்கைக்குத் திரும்பினாள். அம்மாவின் குரல் அவளுக்கு ஒரு நல்ல குரல், அவ்வளவுதான். ஜெசிந்தா தூக்கினால், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அக்கா தூக்கியதுபோலச் சமத்தாக இருந்தாள்.

ஆடி மாதத்தில் இன்னொன்று தெரிந்தது. வாசலில் நின்று ஜெசிந்தா "ஜோவீ" என்று கூப்பிட்டால் தெருவே திரும்பியது. குழாயடியில் நின்றவர்கள், பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த அமல்தாஸின் கூட்டாளிகள், சைக்கிளில் போன சாமியார், எல்லாரும், வெடுக்கென்று. பிறகு வெட்கப்பட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். காரணம் கண்டுபிடித்தவர் மேஸ்திரிதான். ஓடைத் தண்ணீரைத்தான் மோட்டார் போட்டு அளத்துக்கு இறைக்கிறார்கள்; அந்த மாதம் வாரிய உப்புத்தான் எல்லார் வீட்டுக் குழம்பிலும். "கொஞ்சம் இனிக்கத்தான் செஞ்சுது," என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. "லோடு லோடாப் போயாச்சும்மா." அமல்தாஸே ஏழு லோடு ஓட்டியிருந்தான். பெயர் தெரியாத ஊரில் உலைக்கு முன்னால் நிற்கிற ஒருத்தி, யாரும் கூப்பிடாமலே திரும்பிப் பார்த்திருப்பாள்.

ஜெசிந்தா கூப்பிடுவதை நிறுத்தவில்லை. தெரு திரும்பும். கடைசியாக, எல்லாரும் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பதற்காக, ஜோவிட்டாவும் திரும்புவாள்.

அடுப்படிகளில் மிஞ்சியிருந்த அந்த மாதத்து உப்பை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் முக்கால் அளவு சேர்த்தாள் குருசம்மாள். அன்றைக்கே கஞ்சியில் போடப்போனவளை டீச்சர் தடுத்துவிட்டாள்: ஒரு வயது வரைக்கும் பிள்ளைக்கு உப்பு ஆகாது. பாட்டில் மாடத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்த நாத்தியிடம் ஜெசிந்தா சொன்னாள்.

"மதினி, அந்த ரெண்டு செம்பு நான்தான் ஊத்தினேன்."

குருசம்மாள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்ட்டி. பானையில குறைஞ்சிருந்துச்சே."

"அப்ப ஏன் மதினி ஒரு வார்த்த சொல்லல?"

"நீ நடுங்கிட்டுக் கிடந்த. உன்னையும் கரைச்சுருவாளுகளேன்னு விட்டுட்டேன்." ஒரு தண்டை ஒடித்தாள். "நான் தண்ணியக் கொட்டயில நீ பாத்துட்டுத்தான இருந்த?"

"பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"உங்க மூஞ்சியில எப்படி முழிச்சுச் சொல்லுவேன்?"

ஆய்ந்த கீரையை அள்ளிச் சட்டியில் போட்டாள்.

"நானாவது வாயத் திறந்து, போட்டி இவளே, ரெண்டு செம்பு ஊத்திட்டியேன்னு அன்னைக்கே ஒரு ஏச்சு ஏசியிருக்கணும்," என்றாள் குருசம்மாள். "ஏசியிருந்தா நீ என்கூடச் சண்டைக்கு நின்னுருப்ப. நின்னுருந்தா, கொட்டாதீங்கன்னும் கத்தியிருப்ப."

புரட்டாசியில் பிள்ளைக்கு ஒரு வயது வந்தது. கேக் வெட்டி, எல்லாரும் போனபிறகு, ஜெசிந்தா கஞ்சியை இளஞ்சூடாக ஆற்றினாள். குருசம்மாள் சூடு பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். குருசம்மாள் ஒரு சொட்டை முழங்கையில் விட்டுப்பார்த்து, "போதும்" என்றாள். ஜெசிந்தா மேலே ஒன்றும் ஊற்றவில்லை. பாட்டிலைத் திறந்து, இரு விரலில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக் கலக்கினாள், அது கரைந்தது. பிள்ளைக்கு ஊட்டினாள். வாயைத் துடைத்து, அமல்தாஸின் மடியில் உட்காரவைத்து, அறைக்கு வெளியே போய், கதவுக்குப் பின்னால் நின்று, தெருவுக்குக் கேட்காதபடி மெல்லக் கூப்பிட்டாள்.

"ஜோவீ."

அமல்தாஸ் வெடுக்கென்று திரும்பினான். குருசம்மாளும் திரும்பினாள். பிள்ளை அவர்களைப் பார்க்கவில்லை. சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவளின் கன்னம், கதவுப் பக்கமாக, ஒரு சிட்டிகை அளவு நகர்ந்து, அங்கேயே நின்றது.